நரம்பு கற்பிக்கும் பாடம்

ஆண்டுதோறும் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் மாணாக்கர் விடுதிகளின் தோற்றமே மாறிவிடுகின்றது. நள்ளிரவு கடந்தும் சாளரந்தோறும் விளக்கொளி காணப்படும். ஒரு கையிற் புத்தகமும் மறு கையிற் சோறுமாக உண்பார் சிலர். தாழ்வாரத்தில் உலாவிக்கொண்டே உருப்போடுவார் சிலர். ஆறு திங்களாகத் திறவாது கிடந்த நூல் அறுபது நாழிகையில் உருவேற்றப்படும். பரீட்சை முடிந்த மூன்றாம் வாரத்தில் அப்பாடம் எங்குச் சென்றது என வினவின், விடை கூறுவார் அரியர். யாமும் மாணாக்கராயிருந்த ஞான்று இதனையே செய்தோம். விடியுமளவும் கண்விழித்துப் படித்த வேதியியற் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டு, அடுத்த வகுப்பில் அதன் முதற் பகுதியையே ஆசிரியர் வினவியபொழுது வாய்திறவாது நின்ற நாணம் இன்றும் எம்மைவிட்டு நீங்கவில்லை. ஆதலின் இளைஞரைக் குறைகூறும் பொருட்டு இதனை எழுதப் புகுந்தேமல்லேம். இவ்வழக்கம் நரம்பின் இயல்புக்கே மாறானது என்பதும், இதற்கு மாணாக்கரினும் அவர்க்குப் பரீட்சை வகுக்கும் ஆசிரியராகிய எம்மனோரே பெரிதும் பொறுப்பாளர் என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுதற்கு, நரம்பானது செய்தியை எவ்வாறு உய்க்கின்றது, புறப்பொருளை எவ்வாறு உணர்கின்றது, எவ்வாறு கற்கின்றது என்னும் மூன்றனையும் முதற்கண் சுருங்கக் கூறுவாம்.

நரம்பின் வழியே செல்லும் செய்தி மின்னலினும் விரைந்தது என்றும், அதன் வேகத்தை அளத்தல் மனிதர்க்கு இயலாதென்றும் சென்ற நூற்றாண்டுகளின் அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். ஜெர்மனி நாட்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பார் அதனை 1850-ஆம் ஆண்டில் அளந்து காட்டினார். தவளையின் தசையோடு கூடிய நரம்பை எடுத்து, தசைக்கு அருகில் ஒரு முறையும், சற்றுத் தொலைவில் ஒரு முறையும் தூண்டி, இரண்டிற்கும் இடைப்பட்ட காலவேறுபாட்டைக் கணித்தார். அவர் கண்ட வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர். நாம் எண்ணியவுடன் கை அசைகின்றது எனக் கூறுகின்றோம். உண்மையில் எண்ணத்திற்கும் அசைவிற்கும் இடையே அளக்கத்தக்க காலம் ஒன்று உண்டு என்பது அன்று தெளிவாயிற்று. மனத்தின் தொழிலென்று கருதப்பட்டதொன்று அளவைக்கு உட்பட்ட முதல் நாள் அதுவே எனலாம்.

அந்நரம்பின் அமைப்பு யாது என்பது பற்றிப் பெரிய வழக்கு ஒன்று எழுந்தது. இத்தாலியராகிய கோல்கி என்பார் வெள்ளியுப்பினால் நரம்பணுக்களைக் கருமையாகத் தோற்றுவிக்கும் முறையைக் கண்டறிந்தார். மூளை முழுவதும் இடையறவின்றிப் பின்னிய ஒரே வலை என்பது அவர் கொள்கை. அவர் கண்ட முறையையே கையாண்ட ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் என்பாரோ, ஒவ்வோர் அணுவும் தனித்தனி என்றும், ஒன்றையொன்று நெருங்கி நிற்பினும் ஒன்றாய்க் கலந்துவிடுவதில்லை என்றும் கூறினார். இருவர்க்கும் 1906-இல் நோபெல் பரிசு பகுத்தளிக்கப்பட்டது. பரிசு பெற்ற மேடையிலேயே கோல்கி கஹாலின் கொள்கையை மறுத்துரைத்தார். பிற்கால ஆராய்ச்சி கஹாலின் பக்கமே நின்றது. அணுவும் அணுவும் நெருங்கும் அவ்விடத்திற்கு ஆங்கிலேயராகிய ஷெரிங்டன் 1897-இல் ஸைனாப்ஸ் எனப் பெயரிட்டார். அதனை நரம்புச் சந்தி என்று யாம் வழங்குவாம். அச்சந்தியைச் செய்தி எவ்வாறு கடக்கின்றது? ஆஸ்திரியா நாட்டு ஆட்டோ லோவி இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்து, ஒன்றன் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்து, அவ்விருதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை மற்றதன்மேற் செலுத்தினார், அதுவும் தணிந்தது. நரம்பு ஒரு மருந்துப் பொருளைச் சுரந்தே செய்தி சொல்லுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. இச்சோதனை தமக்குக் கனவில் தோன்றியதென்றும், முதல்நாள் இரவு எழுதிவைத்த குறிப்பைக் காலையிற் படிக்க இயலாமற்போக, மறுநாள் இரவு மீண்டும் அது தோன்றவே அப்பொழுதே எழுந்து ஆராய்ச்சிச் சாலைக்கு ஓடியதாகவும் அவர் கூறியுள்ளார். அவர் இதனை வெளியிட்டது 1921-இல்.

இனி, நரம்பில் ஓடும் செய்தியின் உருவம் யாது? கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஆட்ரியன் 1926-ஆம் ஆண்டளவில் ஒற்றை நரம்பிழையின் மின்துடிப்புக்களைப் பெருக்கிப் பதிவுசெய்தார். மென்மையாகத் தொடினும் வன்மையாகத் தொடினும் ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவினதாகவே இருந்தது. வன்மை மிகுந்தபோது துடிப்பின் அளவு மிகாது, எண்ணிக்கையே மிகுந்தது. மற்றொன்றும் அவர் கண்டார். தூண்டுதல் மாறாது நீடிக்குமாயின் துடிப்புக்கள் வரவரக் குறைகின்றன. உடுத்திய ஆடை சிறிது பொழுதில் உடலுக்குத் தோன்றாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாம். மாறாததை நரம்பு பெரிதாக மதிப்பதில்லை. மாறுவதையே அது கவனிக்கின்றது. அத்துடிப்பு பிறக்குமாற்றை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் கணவாய் மீனின் பெருநரம்பிற் சோதித்து 1952-இல் விளக்கினர். நரம்பின் தோலிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கச் சோடியம் உட்புகுவதும், பின்னர்ப் பொட்டாசியம் வெளியேறுவதும் சேர்ந்து விநாடியின் ஆயிரத்திலொரு பங்களவு நிகழும் சிறு மின்னலே அது.

இவ்வாயில்கள் சில புறவுலகை அறியும் கருவிகளாகவும் அமைந்துள்ளன. மிளகாயைக் கடித்தவுடன் வாய் எரிகின்றது என்கின்றோம். அஃது உவமையன்று. மிளகாயின் காரப்பொருள் படும் வாயிலைச் சான் பிரான்சிஸ்கோ நகரத்து டேவிட் ஜூலியஸ் 1997-இல் தம் குழுவினருடன் கண்டறிந்தார். சுடுநெருப்பின் வெப்பத்தால் திறப்பதும் அவ்வாயிலேயாம். நெருப்பும் மிளகாயும் ஒரே கதவைத் தட்டுகின்றமையின் நரம்பு இரண்டிற்கும் ஒரே செய்தியை அனுப்புகின்றது. இக்கண்டுபிடிப்பிற்காகவும், தொடுதலை அறியும் வாயில்களைக் கண்டதற்காகவும் 2021-இல் அவர்க்கும் ஆர்டெம் படபூட்டியன் என்பார்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

உணர்ச்சியின் அருமையை அறிய வேண்டுவார் வேறு நாடுகளுக்குச் செல்ல வேண்டா. வேலூருக்குச் சென்றால் போதும். தொழுநோயின் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இற் கண்டார். எனினும் அந்நோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றே உலகம் நெடுங்காலம் நம்பிற்று. 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் சத்திர வைத்தியர் இந்நம்பிக்கையை ஐயுற்றார். ஒரு நாள் துருவேறிய பூட்டொன்றைத் திறக்க முயன்று தம்மால் இயலாது நின்றாராக, நோயாளச் சிறுவனொருவன் முன்வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலினின்று இரத்தம் வடிந்தது. எலும்பு தெரியுமளவும் தோல் கிழிந்திருந்தது. சிறுவனோ அதனை அறியவேயில்லை. நோய் விரலைத் தின்னவில்லை. நோவை அறிவிக்கும் நரம்பைக் கொன்றது. நோவறியாத கை தன்னைத் தானே நாள்தோறும் காயப்படுத்திக்கொள்கின்றது. இவ்வுண்மை தெரிந்தபின், நோயாளர்க்குப் பாதரட்சையும், கருவிகளுக்கு மென்மையான பிடியும், தம் கைகால்களை நாள்தோறும் தாமே பார்த்துக்கொள்ளும் பழக்கமும் மருத்துவத்தின் கூறுகளாயின. நோவு நம் பகைவனன்று, நம் காவலன். இதனை நினைவில் நிறுத்துமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீளுவாம்.

இனிக் கற்றலைப் பார்ப்பாம். அறிவுப் பயிற்சியினால் நரம்பணுக்களின் இணைப்பு வளர்ந்து வலிமை பெறக்கூடும் என்று கஹால் 1894-ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தார். அதனைச் சோதித்துக் காட்டும் வழி அன்று இல்லை. வியன்னாவிற் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் அமெரிக்கா சேர்ந்த எரிக் காண்டெல் என்பார் அவ்வழியைத் தேடினார். மனிதர் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள. அப்பெருங்காட்டினுட் புகுந்தார் வழியறியாது தடுமாறுவர். ஆதலின் அவர் அப்ளீசியா எனப்படும் கடல்முயலைத் தேர்ந்துகொண்டார். முயல் என்பது பெயரளவே. அது நத்தை இனத்தைச் சார்ந்த ஓர் உயிர். அதன் நரம்பணுக்கள் 20,000 அளவினவே. அவற்றுட் சில வெறுங் கண்ணுக்கே புலனாகுமளவு பெரியன.

இக்கடல்முயலின் உடலில் நீரை வெளிவிடும் குழாயைச் சிறிது தொட்டால் அது தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தீங்கின்றிப் பலமுறை தொட்டால், 'இது வெறுந் தொடுகை' என அறிந்ததுபோல் இழுத்தலைக் குறைத்துவிடும். இதுவும் ஒரு கல்வியே. 1972-ஆம் ஆண்டில் காண்டெலும் அவருடன் உழைத்தாரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். சில கடல்முயல்களை நாளொன்றுக்குப் பத்து முறையாக நான்கு நாள் தொட்டனர். வேறு சிலவற்றை ஒரே தொடர்ச்சியாக நாற்பது முறை தொட்டனர். தொடுகையின் தொகை இரண்டிற்கும் ஒன்றே. ஆயினும் நாட்பகுத்துப் பயின்றவற்றின் கல்வி மூன்று வாரம் நிலைத்தது. ஒருங்கே பயின்றவற்றின் கல்வி அத்துணை நிலைக்கவில்லை. விடுதியில் விளக்கெரிப்பார் இதனைச் சிறிது சிந்திப்பாராக.

இதன் காரணத்தையும் அவர்கள் கண்டனர். சிறிது பொழுதே நிற்கும் நினைவிற்குச் சந்தியில் முன்னரே உள்ள பொருள்கள் சிறிது மாறுதல் போதும். சுரக்கும் மருந்து கூடுகின்றது அல்லது குறைகின்றது, அவ்வளவே. நெடுநாள் நிற்கும் நினைவிற்கோ, அணுவின் கருவினுள் உறங்கும் மரபுக்கூறுகள் விழித்தெழ வேண்டும். புதிய புரதங்கள் ஆக்கப்பட வேண்டும். புதிய சந்திகள் முளைக்க வேண்டும். அதிர்ச்சியைப் பன்னாள் பெற்று விழிப்பு மிகக் கற்ற கடல்முயல்களில் அச்சந்திகள் இருமடங்கிற்கும் மேலாகப் பெருகியிருந்ததை 1988-இல் பெய்லி, சென் என்பார் எண்ணிக் கண்டனர். புரதம் ஆக்கப்படுதலைத் தடுக்கும் மருந்தைப் பெய்தால், குறுநினைவு கெடுவதில்லை. நெடுநினைவு மட்டும் தோன்றுவதில்லை. கற்றல் என்பது பாத்திரத்தில் நீர் முகந்து நிரப்பும் தொழிலன்று. வேர்விட்டு வளரும் தொழில். வேர் வளர்தற்குக் காலம் வேண்டும். இவ்வாராய்ச்சிக்காகக் காண்டெல் 2000-ஆம் ஆண்டில் வேறிருவரோடு நோபெல் பரிசு பெற்றார்.

'கடல்முயலின் செவுளுக்கும் கம்பனைக் கற்றற்கும் என்ன இயைபு?' என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. கடல்முயல் ஒன்றையே சான்றாக வைத்து மனிதர்க்கு விதி வகுப்பது தவறு. ஆனால், மனிதரிடத்துச் செய்த சோதனை இதற்கு முந்தியது. ஜெர்மனி நாட்டு எபிங்ஹவுஸ் என்பார் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்ற ஒரு மணி நேரத்திற் பாதிக்குமேல் மறந்தது. ஒரு நாளில் மூன்றிலொரு பங்களவே நின்றது. ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களிற் பகுத்து ஓதியபோது 38 முறையிலேயே அவர் பெற்றார். கடல்முயலும் எபிங்ஹவுஸும் ஒரே கதை கூறுகின்றமையே எம்மை வியப்பிக்கின்றது.

இன்னுமொரு சோதனை நம் கல்லூரிகளுக்கு நேராகவே பொருந்துவது. அமெரிக்காவிற் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்டது அது. மாணாக்கருள் ஒரு சாரார் ஒரு பகுதியை நான்கு கால அளவும் மீள மீளப் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு காலம் படித்து, எஞ்சிய மூன்று காலமும் நூலைப் பாராது நினைவிலுள்ளதை எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது, மீளப் படித்தார் நூற்றுக்கு 83 பங்கும், நினைந்தெழுதினார் 71 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோது, மீளப் படித்தார் 40 பங்கே கூறினர். நினைந்தெழுதினார் 61 பங்கு கூறினர். இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒரு வாரத்திற்குப் பின் எத்துணை நினைவிருக்கும் என முன்கூட்டி வினவியபோது, மீளப் படித்தவர்களே தமக்கு மிகுதியும் நினைவிருக்கும் என்று நம்பினர்.

ஈண்டு வேலூர்ச் சிறுவனின் விரலை மீண்டும் நினைக்க வேண்டுகின்றோம். நூலைத் திறந்து வைத்து மீளமீளப் படிப்பவனுக்கு எல்லாம் தெரிந்ததுபோலவே தோன்றும்; தன் அறியாமையின் நோவு அவனுக்கு எட்டாது. நூலை மூடிவிட்டுத் தன்னைத்தானே வினவுகின்றவனுக்கோ, தெரியாதது முள்ளெனத் தைக்கும். அம்முள்ளே அவனுக்குக் காவல். ஆனால் நாம் செய்வது யாது? வகுப்பில் ஒருவன் தவறாக விடை கூறின் நகைக்கின்றோம். ஆசிரியரிற் சிலர் அவனை 'மக்கு' என்று பெயரிட்டும் அழைப்பர். நகைப்புக்கு அஞ்சியவன் மறுமுறை வாய் திறவான். வாய் திறவாதவனுக்குத் தன் தவறு புலனாகாது. ஆண்டு முழுவதும் அவன் புண்ணை மறைத்து வைத்திருந்து, இறுதிப் பரீட்சையில் ஒரே நாளில் அதனைக் காட்டி, 'நீ தேறவில்லை' என்று வெளியே அனுப்புகின்றோம். முதற் பட்டதாரியாக வேண்டுமென்று நிலத்தை அடகு வைத்துப் பெற்றோர் அனுப்பிய பிள்ளைகளும் அவ்வாறு மீண்டு சென்றதை யாம் கண்டுள்ளேம். நரம்பு உணர்த்த வேண்டியதை உணர்த்தவிடாது செய்தவர் யார்? விடை கூறும் கடன் எம்முடையது.

இக்கருத்து நமக்குப் புதியதுமன்று. பழைய திண்ணைப் பள்ளிகளில் முன்னாட் பாடத்தை மறுநாள் ஏடு பாராது ஒப்புவித்தலை முறை சொல்லுதல் என்றனர். நன்னூலார் நூல்பயில் இயல்பு கூறுமிடத்து, ஆசிரியன் சொல்லக் கேட்டலோடு நில்லாது, கேட்டதைப் பின்னர் நினைத்தலையும், உடன் பயில்வாரொடு பழகுதலையும், வினாவுதலையும், வினாவியவற்றிற்கு விடையிறுத்தலையும் கல்வியின் கூறுகளாகவே வைத்தார். அவர்க்கு நரம்புச் சந்தி தெரியாது. கற்பாரை அவர் நன்கு அறிந்திருந்தார். அதுகொண்டு பழையன எல்லாம் நன்று என யாம் கூறேம். திண்ணைப் பள்ளியின் பிரம்படியை மீட்டுக் கொணர்வாரோடு எமக்கு உடன்பாடில்லை. பொருளுணராது ஒப்புவித்தலும் எமக்கு உடன்பாடன்று.

மூளையின் பெயரால் நடக்கும் வாணிகத்தையும் ஈண்டுக் கண்டித்தல் தகும். மனிதன் தன் மூளையிற் பத்திலொரு பங்கையே பயன்படுத்துகின்றான் எனவும், எஞ்சியதைத் தம் மருந்தால் எழுப்புவோம் எனவும் கூறுவார் உளர். மூளையில் அவ்வாறு வாளா கிடக்கும் பெரும்பகுதி ஏதுமில்லை. நினைவிற்கு உதவும் மருந்தொன்று உண்மையில் உண்டு. அது விலையின்றிக் கிடைக்கும் உறக்கமே. கற்றபின் உறங்கினார், கற்றபின் விழித்திருந்தாரினும் குறைவாகவே மறந்தனர் என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்பார் 1924-ஆம் ஆண்டிலேயே சோதித்துக் காட்டினர். பரீட்சைக்கு முந்திய இரவில் நம் மாணாக்கர் முதற்கண் துறப்பதோ அவ்வுறக்கத்தையே!

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. ஒன்று, ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் முன் வாரத்துப் பாடத்தினின்று இரண்டு மூன்று வினாக்கள் கேட்கப்படல் வேண்டும். மாணாக்கர் நூல் பாராது தாளில் எழுதித் தாமே திருத்திக்கொள்ளட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டா. இரண்டு, ஆண்டிறுதியில் வைக்கும் பாரத்தை ஆண்டு முழுவதும் பகுத்து வைத்தல் வேண்டும். மூன்று, தவறான விடை கூறியவனைப் பார்த்து நகைத்தல் நம் வகுப்புக்களினின்று ஒழிய வேண்டும்; அதனை முதற்கண் ஒழிக்க வேண்டியவர் ஆசிரியரே.

'வகுப்புக்கள் பெரியன, பாடம் முடிக்கவே நேரமில்லை' என்பார்க்கு யாம் கூறுவது இது: முடிக்கப்பட்ட பாடம் மூன்று வாரத்தில் மறக்கப்படுமாயின் அது முடிக்கப்பட்டதன்று. 'மதிப்பெண் இன்றேல் மாணாக்கர் எழுதார்' என்பாரும் உளர். சிலர் எழுதார்தாம், அதனை யாம் மறுக்கவில்லை. எழுதுகின்றவர்க்குக் கிடைக்கும் பயனை எழுதாதார் பொருட்டு நிறுத்துவது முறையன்று. மாணாக்கரும் ஆசிரியருக்காகக் காத்திருக்க வேண்டா. நண்பர் இருவர் மாலையில் அரை மணி நேரம் ஒருவரையொருவர் வினவிக்கொள்வதற்கு எவருடைய ஆணையும் வேண்டியதில்லை.

ஒரு மாணாக்கன் இன்று மந்தன் எனப்படுவது அவன் நரம்பின்மேல் எழுதப்பட்ட தலையெழுத்தன்று. கடல்முயலின் நரம்பிலும் சந்திகள் முளைக்குமெனின், மனிதப் பிள்ளையின் மூளையில் முளையாவோ? அதற்கு வேண்டுவன காலமும், மீள நினைத்தலும், அச்சமின்றித் தவறுதற்கு இடமுமே. அவற்றை அளிப்பது கல்லூரியின் கடமை. அடுத்த ஆண்டுப் பரீட்சைக்கு முந்திய இரவில், நம் விடுதி விளக்குகள் உரிய காலத்தே அணைந்து, மாணாக்கர் அமைதியாக உறங்கக் காணும் பேறு நமக்கு வாய்ப்பதாக.